பிடியை விடச் சொன்ன ஞானபாக்கியம் டீச்சர்

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு நான் எந்தச் சுவரையும் சும்மா விடுவதில்லை. பஸ் போர்டு, மருந்துக் கடைப் பலகை, சினிமா போஸ்டர், சுவரில் எழுதிய சிமெண்டு விளம்பரம் எல்லாவற்றையும் நின்று படிப்பேன். கூட வருகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. எனக்கோ இந்த வயதில் அதைப் போல ஒரு சந்தோஷம் வேறு கிடையாது. போன திங்கட்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்படித்தான் அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிக்கப் போனேன். பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தது. படத்தில் இருந்தது ஓர் இளம்பெண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே பெயரின் மேல் விரலை வைத்தேன். முதல் எழுத்து ‘ஞா’. அதற்குமேல் எனக்குக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயரை நான் என் கையால் எழுதிப் பழகியிருக்கிறேன். ஞானபாக்கியம். எங்கள் டீச்சர். நான் பார்த்தறியாத இளவயதுப் படத்தைப் போட்டிருந்தார்கள். அடக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை என்று கீழே இருந்தது.

இதுவரை எந்தச் சாவுச் செய்தியும் எனக்கு யாராவது வந்து சொல்லித்தான் தெரியும். சொல்ல வருகிறவர் முகத்தைப் பார்த்ததுமே மனசு கொஞ்சம் தயாராகிவிடும். இந்தச் செய்தியை நானே படித்தேன். தயாராக நேரமில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண், “என்ன தாத்தா, சொந்தமா?” என்று கேட்டது. “ஆமா தாயி, சொந்தந்தான்” என்றேன்.

டீச்சர் சனிக்கிழமைதோறும் நடத்திய பயிற்சிக் கூடத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் கூடி டீச்சரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பத்தி எழுத ஒரு பகல் போகிறது. ஆனால் பேச்சு போல இது ஓடிவிடுவதில்லை. எழுதியது எழுதிய இடத்திலேயே நிற்கிறது.

என்னை உங்களில் பலருக்குக் கோமதி அப்பா என்றுதான் தெரியும். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடுகிற களத்தில் எனக்கு வேலை. என் மனைவி வெள்ளத்தாய்க்கு அதே முதலாளியின் யூனிட்டில் பேண்டேஜ் சுற்றுகிற வேலை. கோமதி எங்களுக்கு வயது போன பிறகு பிறந்த ஒரே பிள்ளை. பிறந்தவுடன் அவள் அழவில்லை. கழுத்து நிற்கவே வெகு நாள் ஆயிற்று. நான்கு வயதில் சுவரோடு சாய்த்து வைத்தால் உட்காருவாள். சாய்மானத்தை எடுத்தால் ஒரு பக்கமாகச் சரிவாள். எதையாவது எடுக்கக் கையை நீட்டினால் கை நடுங்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் எல்லாம் புரியும், எதையும் மறக்க மாட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், மூளையில் உடம்பை நிலையாகப் பிடித்துக்கொள்கிற பகுதியில் பாதிப்பு, மருந்து கிடையாது, பயிற்சிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளை வீட்டில் தனியாக விட முடியாது. வெள்ளத்தாய் யூனிட்டுக்கே தூக்கிக்கொண்டு போவாள். அங்கே வேலை பார்த்த பெண்கள்தான் அவளுக்கு ஒரு வார் செய்து தந்தார்கள். துணியின் ஓரத்தில் வெட்டி எறிகிற கரைத்துணி யூனிட்டில் மலைபோலக் கிடக்கும். அதை மூன்று புரியாகப் பின்னி, கோமதியின் இடுப்பில் கட்டி, நீண்ட நுனியை மேசைக் காலில் முடிந்துவிட்டார்கள். பிள்ளை சரியவில்லை. எல்லாருக்கும் பெருமை. வீட்டில் அந்த நுனியை நான் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்தால் கோமதி நிற்கவும் செய்தாள். பேண்டேஜ் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்தத் துணியே துணையாக வந்தது என்று தெருவே பேசியது.

எங்கள் வீட்டுக்கு எதிரில் பள்ளிக்கூடம். காலையில் அங்கே பிரேயர் பாட்டுப் பாடும்போது கோமதி வாசலில் உட்கார்ந்து கூடவே வாயசைப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. “பெஞ்சுல தானா உக்காரணும். பிரேயருக்கு வரிசையில தானா நிக்கணும். விழுந்து மண்டை ஒடைஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? வார ஜூன்ல கூட்டிட்டு வாங்க, பாப்போம்” என்றார். அதற்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எக்சர்சைஸ் டீச்சர் சனிக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். எண்பதுகளின் நடுவில் அது.

டீச்சர் எங்களைப் பார்த்ததும் பிள்ளையைத் தொடவில்லை. நாங்கள் தூக்கி வந்த விதத்தையும், இறக்கி வைத்த விதத்தையும், சரியாமல் அணை கொடுத்த விதத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோமதியைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, ஒரு சிவப்பு வளையலை ஒவ்வொரு பக்கமாக நீட்டினார். அவள் எந்தப் பக்கம் எட்டுகிறாள், எந்தப் பக்கம் சரிகிறாள், சரியும்போது தலை நிமிர்கிறதா என்று கவனித்தார். தோளில் காற்று தள்ளுவது போல மெல்லத் தள்ளிப் பார்த்தார். “நிக்குமா?” என்று கேட்டார். “நல்லா நிக்கும் டீச்சர்” என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்க்க அவர் கடிகாரத்தை எடுக்கவில்லை. கோமதிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். பஸ் கண்டக்டர் கத்துகிறது பிடிக்கும் என்று வெள்ளத்தாய் சொன்னாள். “அப்ப இராசபாளையத்துல ஏறுவோம். ஒவ்வொரு ஊராச் சொல்லிக்கிட்டே நிக்கணும். மதுரை வந்தாத்தான் எறங்கணும். எங்க, சொல்லு!” இரண்டு பேரும் சேர்ந்து கூவினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம், மதுரை. கோமதி இழுத்து இழுத்துச் சொல்லி மதுரை வரைக்கும் நின்றுவிட்டாள். எனக்கு நெஞ்சு விம்மியது. டீச்சர் எழுந்து சுற்றிக்கொண்டு என் முதுகுப் பக்கம் வந்தார்.

“அண்ணாச்சி, கையைக் காட்டுங்க.”

வார் என் முஷ்டியில் இறுகச் சுற்றிக் கிடந்தது.

“மதுரைக்குப் போனது யாரு? புள்ளையா, நீங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “விடுங்க” என்றார்.

“விழுந்துருவா டீச்சர்.”

“கீழ மெத்தை கெடக்குல்லா. விடுங்க.”

விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரே வரவில்லை, அதற்குள் கோமதி முன்பக்கமாக விழுந்துவிட்டாள். டீச்சர் அவளைப் பிடிக்கவில்லை. வெள்ளத்தாய் பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

“நல்லா இருக்கும்மா ஒங்க வைத்தியம்! நீங்க பெத்ததா இருந்தா இப்படித் தரையில விட்டுட்டு வேடிக்கை பாப்பீகளா?”

“நான் பெக்கலக்கா. பெத்திருந்தாலும் விட்டுத்தான் பாத்திருப்பேன். அவ கையைப் பாருங்க.”

நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் வெள்ளத்தாய் ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை, நான்தான் தள்ளிவிட்டது போல. கோமதி மட்டும் ஜன்னலோரம் கண்டக்டரோடு சேர்ந்து கூவிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தாய் களத்துக்கு ஓடிவந்தாள். துணிகள் வரிசையாகத் தொங்கியதில் என்னைக் காணாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். “ஏங்க, புள்ள கையை ஊனிட்டா!” யூனிட்டில் வார் முடிச்சு அவிழ்ந்து கோமதி முன்னால் சரிந்திருக்கிறாள். முகம் தரையில் மோதும் முன்னே உள்ளங்கை விரிந்து போய்த் தரையில் நின்றிருக்கிறது. அதற்கு முன் அவள் எப்போது சரிந்தாலும் கை மடங்கியே கிடக்கும். பாதி வழியிலேயே யாராவது பிடித்துவிடுவதால், அந்தக் கைக்கு முன்னால் வர வேண்டிய வேலையே இருந்ததில்லை. “அந்தம்மா பாக்கச் சொன்னது இதைத்தான் போல. சனிக்கிழமை போவோம். ஆனா நான் அவிய மூஞ்சியில முழிக்க மாட்டேன். வாசல்லயே நிப்பேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சொன்னது போலவே வாசலில் நின்றாள். டீச்சர் எட்டிப் பார்த்து, “வெயில்ல நிக்காதீங்கக்கா. உள்ள வந்து ஒக்காந்து திட்டுங்க” என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாத சனிக்கிழமை கிடையாது. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். வாய் கொஞ்சம் காரம். எந்தச் சனிக்கிழமையும் சொன்ன நேரத்துக்குக் கூடத்தைத் திறந்ததில்லை. மொபெட்டை மிதித்து மிதித்து வேர்த்து வந்து இறங்குவார். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு பால்கோவாவைக் கண்டால் விட மாட்டார். “டாக்டரம்மா” என்று கூப்பிட்டால், “நான் டாக்டரில்ல, டீச்சர். மருந்து எழுதச் சொன்னீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்” என்பார். பிள்ளைகளிடம் மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது. ஒரு பிள்ளை வளையலைப் பார்த்துவிட்டு எட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அத்தனை நேரமும் கையை நீட்டியபடியே இருப்பார்.

அவர் கேட்ட சாமான்கள் எல்லாம் எங்கள் ஊரில் வீணாகக் கிடந்தவை. யூனிட்டில் கழித்துப் போட்ட காஸ் துணி, அதாவது புண்ணுக்கு வைக்கிற வலை போன்ற மெல்லிய துணி, அதன் உருளை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கோமதியை அதன் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவைத்து மெல்ல உருட்டுவார். உருளை சாயும் பக்கத்துக்கு எதிராக அவள் உடம்பு தானே நிமிர வேண்டும். ஆசாரியிடம் சொல்லி, அடியில் வளைந்த கட்டை வைத்த ஓர் ஆட்டப் பலகை செய்வித்தார். வீட்டுக்கும் பாடம் உண்டு. “எதையும் எடுத்துக் குடுக்காதீங்க. கைக்குப் பக்கத்துலயும் வைக்காதீங்க. எட்டி எடுக்குற தூரத்துல வைங்க” என்பார். தண்ணீர்க் குவளை, சீப்பு, தட்டு எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு முழம் தள்ளிப் போயின. வெள்ளத்தாய் அவற்றை மறுபடி கிட்டே நகர்த்துவாள். நான் தள்ளுவேன்.

தெருவைப் பழக்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. கோமதி தள்ளாடினால் ஆளுக்கொரு பக்கம் ஓடிவந்து பிடித்துவிடுவார்கள். அதிலும் பக்கத்து வீட்டுப் பங்காரம்மா, அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவரும். ஒருநாள் டீச்சர் மொபெட்டில் எங்கள் தெருவுக்கே வந்தார். பங்காரம்மா பாய்ந்து பிடிப்பதைப் பார்த்தார்.

“அக்கா, ஒங்க கையை அக்குள்ள வச்சு இறுக்கிக்கோங்க.”

“தேவுடா! புள்ள விழுதே!”

“விழட்டும். நீங்க புடிச்சா அது ஒங்களுக்குத்தான் எக்சர்சைஸு.”

அன்றிலிருந்து கோமதி தெருவில் இறங்கினால் பங்காரம்மா இரண்டு கையையும் அக்குளில் திணித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கும். விழுந்தாளா, விழுந்தாளா என்று எங்களைக் கேட்கும். டீச்சர் தெருவிலிருந்து போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆனால் வார் இல்லாமல் நிற்க மட்டும் கோமதி மாட்டேன் என்றாள். அவிழ்த்தாலே அழுவாள். டீச்சர் பிடுங்கவில்லை. “ஒங்க களத்துல இதைவிட லேசா என்ன துணி இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை பேண்டேஜ் துணியில் ஒரு பட்டை கொண்டுபோனேன். சில வாரம் அதில் நின்றாள். பிறகு காஸ் துணியை மடித்துக் கட்டினோம். பிறகு மடிக்காத காஸ். கட்டுவதற்கு முன் டீச்சர் அதை அவள் கையில் கொடுத்து, இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் இழுத்ததும் கிழிந்தது.

“பிஞ்சு… போச்சு” என்றாள் கோமதி பயந்து.

“ஆமா, பிஞ்சுதான் போகும். ஒன்னையத் தாங்காது. நான் ஒன்னைய ஏமாத்த மாட்டேன். இது தாங்குறதுக்கு இல்லட்டி. அப்பா எங்க இருக்காருன்னு ஒனக்குத் தெரியறதுக்கு.”

எனக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். டீச்சர் என்னைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், பஸ் நிலையத்தில், அத்தனை பேர் நடுவில். தடுமாறினேன். “இப்ப ஒரு விரல் நுனியால மட்டும் அந்தத் தூணைத் தொடுங்க. சாயாதீங்க.” தொட்டேன். ஆட்டம் நின்றது. “விரல் நுனி ஒங்களைத் தாங்குதா? தாங்காது. நாம எங்க நிக்கோம்னு ஒடம்புக்குச் சொல்லுது, அம்புட்டுத்தான். புள்ளைக்குத் தூக்கிப் புடிக்க ஆள் வேண்டாம் அண்ணாச்சி. தொட்டுக்கிட ஆள் வேணும்.” அந்தச் சொல்லை நான் பிறகு எத்தனையோ காரியங்களில் நினைத்திருக்கிறேன்.

கடைசியில் காஸிலிருந்து உருவிய ஒற்றை நூல்தான் மிச்சம். ஒரு நுனி கோமதியின் இடுப்பில், மறு நுனி என் விரலில். சனிக்கிழமை கூடத்தை விட்டு வரும்போது மற்றவர்கள், “இன்னைக்கு எந்த ஊரு வரைக்கும்?” என்று கேட்பார்கள். கிருஷ்ணன்கோவில் என்பேன். பிறகு கல்லுப்பட்டி. மாசி மாதம் திருமங்கலம் போய்விட்டாள். அப்போது பார்த்துக் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது பழையபடி ஸ்ரீவில்லிபுத்தூர்கூடத் தாண்டவில்லை. ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டீச்சர் வந்து, “போன பஸ்ஸு ஊருக்குத் திரும்பத்தான செய்யும்? மறுபடி ஏறுவோம், எந்திரிங்க” என்றார். அந்தக் கோடை முழுக்க அவர் எங்களுக்காக வேறொரு கிழமையும் கூடத்தைத் திறந்தார். அந்த நாளில் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

ஜூன் மாதம் அந்தக் காலை. கோமதிக்குப் புதுச் சட்டை. டீச்சர் மொபெட்டில் வந்துவிட்டார். பங்காரம்மா முதலிலேயே கையை அக்குளில் வைத்தாயிற்று. பள்ளிக்கூட வாசலில் கோமதி நின்று, “நூலு?” என்றாள். அவசரத்தில் நூலை எடுத்து வர மறந்திருந்தோம். வீடு எதிரிலேதான், ஆனால் மணி அடித்துவிட்டார்கள். நான் கையைப் பிசைந்தேன். வெள்ளத்தாய் தன் சேலை முந்தியைப் பல்லால் கடித்து, அதிலிருந்து ஒரு நூலை நீளமாக உருவினாள். மகள் இடுப்பில் கட்டினாள். மறு நுனியை என்னிடம் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் போய் நின்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. கோமதி ஆடினாள், காற்றில் காயும் துணி போல முன்னும் பின்னும் ஆடினாள். கால்கள் இடம் மாறின. ஆனால் நின்றாள். இத்தனை நாள் வாசலில் உட்கார்ந்து வாயசைத்த பாட்டை நின்றுகொண்டு பாடினாள். பாட்டு முடிந்ததும் வரிசை வகுப்புப் பக்கம் திரும்பியது. அவளும் திரும்பினாள். திரும்பியதில் விழுந்தாள்.

பங்காரம்மா கண்ணைத் திறக்காமலே அலறியது. தலைமையாசிரியர் பதறி ஓடிவந்தார். டீச்சர் குறுக்கே கையை நீட்டி, “செத்த நேரம் பொறுங்க சார்” என்றார். கோமதியின் இரண்டு உள்ளங்கையும் மண்ணில் ஊன்றியிருந்தன. முகம் தரையைத் தொடவில்லை. ஒரு முழங்காலை மடக்கினாள். பிறகு அடுத்ததை. பின்பக்கத்தை முதலில் தூக்கி, கையால் தொடையைப் பிடித்து ஏறி, நிமிர்ந்தாள். வரிசை அவளுக்காக நின்றுகொண்டிருந்தது.

“விழுந்தா. எந்திரிச்சா. ரெண்டையும் பாத்தீங்கல்லா சார்?” என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் வரிசைப் பக்கம் போனார். குனிந்து கோமதியிடம், “பேரென்ன?” என்று கேட்டார்.

“கோ…ம…தி.”

“போயி உள்ள ஒக்காரு தாயி. பெஞ்சு ஓரத்துல ஒக்காராதே, நடுவுல ஒக்காரு.”

அவள் உள்ளே போனாள். வெள்ளத்தாய் வேலியோரம் அறுந்த நூலைப் பிடித்தபடி நின்றாள். டீச்சர் போய் அவள் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் திட்டிக்கொள்ளாமல் இருந்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்கவில்லை. கூடத்துக்கு வந்த உங்களுக்கு அது தெரியும். சேத்தூரிலிருந்து ஒரு விவசாயி தன் மகனைத் தோளில் தூக்கி வருவார். அந்தப் பையனுக்கு மாதம் போகப்போகச் சதை தளர்ந்துகொண்டே வந்தது. போன மாதம் நின்றவன் இந்த மாதம் நிற்க மாட்டான். ஒருநாள் அவர், “எப்ப டீச்சர் நடப்பான்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். டீச்சர் அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், மறைக்காமல் சொன்னார். திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தன. “நிக்க வைக்க என்னால முடியாது. நிமிந்து ஒக்கார வைக்க முடியும். அதைச் செய்யுவேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலி செய்ய அன்றே அவன் முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்தார். அந்த நாற்காலியில் பையன் கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். அவன் போனபோது டீச்சர் சேத்தூருக்குப் போய் அவன் அம்மா பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அந்த விவசாயிதான் எனக்குச் சொன்னார்.

கோமதி வளர்ந்தாள். இன்றும் காலை அகட்டி வைத்து, ஆடி ஆடித்தான் நடக்கிறாள். கூட்டத்தில் விழவும் செய்கிறாள். குணமாகிவிட்டது என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். இப்போது இராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்க்கிறாள். அவள் இழுத்துப் பேசுவதைக் கேட்டுப் பொறுமை இழக்கிறவர்களிடம், “டிரங்கால் போட்டா இதைவிட லேட்டாகும், செத்த பொறுங்க” என்பாள். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் டீச்சருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது என்று கேட்டு, நானும் கோமதியும் பார்க்கப் போனோம். அவருடைய தங்கை அவர் கையை இறுகப் பிடித்துக் கூட்டி வந்தார். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு எரிச்சல். கோமதி சிரித்துவிட்டாள். “டீச்சர்… எந்த ஊரு… வரைக்கும்?”

“கிருஷ்ணன்கோவிலே தாண்டலட்டி. இவ புடிச்ச புடியில ஒரு ஊரும் வர மாட்டேங்கு.”

“விடுங்க சித்தி” என்றாள் கோமதி தங்கையிடம். அவர் தயங்கித் தயங்கி விட்டார். கோமதி தன் நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலை நீட்டினாள். டீச்சர் தன் விரல் நுனியை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஊர்களைச் சொல்லவில்லை. ஆடுகிற விரல் மேல் இன்னோர் ஆடுகிற விரல். எனக்குப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று நான் அவருக்கு ஒன்று காட்ட நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் முதியோர் வகுப்பு ஆரம்பித்து நான் எழுதக் கற்றிருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு தாளை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, ஞானபாக்கியம் என்று எழுதினேன். ‘ஞா’ கோணிக்கொண்டு வந்தது. அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தோளை ஏன் அப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? கால் ஏன் தொங்குது? நாற்காலியில ஒக்காந்து ரெண்டு காலையும் தரையில ஊனுங்க அண்ணாச்சி. ஒடம்பு நின்னாத்தான் கை ஓடும்.” அப்படியே செய்தேன். இரண்டாம் தடவை ‘ஞா’ நேராக வந்தது. அந்தத் தாளை அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் என் இரண்டு காலும் தரையில்தான் இருக்கின்றன.

போஸ்டரைப் படித்த மறுநாள் கோமதியைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். புது மண். மேடும் பள்ளமுமான இடம். கோமதி கையில் ஒரு மாலை வைத்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். மாலையை வைக்கக் குனிந்தாள். குனிந்ததில் முன்னால் சாய்ந்துவிட்டாள். என் கைகள் நான் கேட்காமலே முன்னால் போயின. போனவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். அவள் உள்ளங்கை விரிந்து அந்த மண்ணில் ஊன்றியது. பிறகு முழங்காலை மடக்கி, தொடையைப் பிடித்து, எழுந்தாள். ஈர மண்ணில் ஐந்து விரலும் தெரிய அவள் கை பதிந்திருந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்து, “சமப்படுத்திரவாய்யா?” என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். டீச்சர் அந்த முதல் சனிக்கிழமை எங்களைப் பார்க்கச் சொன்னது அந்தக் கையைத்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, பின்னால் கோத்துக்கொண்ட என் கைகள். கோமதி வேலைக்குக் கிளம்பி வாசல் படியில் ஆடி ஆடி இறங்கும்போது ஒவ்வொரு காலையும் அவற்றை அங்கேயே வைத்திருக்கிறேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் பிரித்து, பென்சிலை எடுக்கிறேன்.